கடல் கடந்த உழைப்பும் கை சேர வேண்டிய கூலியும்

 

 

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், மஃரிப் தொழுகை முடிந்த பிறகு ஓர் இளம் ஆலிம் என்னிடம் வந்து அமர்ந்தார். வெளிநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் இரண்டு பிள்ளைகளுக்கு அவர் கம்ப்யூட்டர் வழியாகக் குர்ஆன் ஓதக் கற்றுக் கொடுத்து வந்தார். மாதம் 50 டாலர் என்பது பேச்சு. அவர்கள் மாதந்தோறும் தவறாமல் 50 டாலர் அனுப்பவும் செய்தார்கள். ஆனால் நடுவிலுள்ள வங்கிகள் பிடித்தது போக, இவருடைய கணக்கிற்கு வந்து சேர்ந்தது 30 டாலர் சொச்சம்தான். ஏழு மாதங்கள் அவர் வாய் திறக்கவில்லை. "குர்ஆன் ஓதிக் கொடுத்துவிட்டுப் பணத்தைப் பற்றிப் பேசுவதா ஹஜ்ரத்?" என்று என்னிடமே தயங்கித் தயங்கித்தான் கேட்டார். விசாரித்தபோது அந்தக் குடும்பத்தாரோ, "நாங்கள் பேசியபடி 50 அனுப்பிவிட்டோம், எங்கள் கடமை முடிந்துவிட்டது" என்று மனநிம்மதியோடு இருந்தார்கள். இரு தரப்பாரும் நல்லவர்கள். எனினும் ஏழு மாதமாக ஒருவருடைய ஹக்கு மற்றவரிடம் தங்கிக் கிடந்தது.

இது ஒரு வீட்டின் கதையன்று. வளைகுடாவில் இருந்துகொண்டு சொந்த ஊரில் மேஸ்திரியிடம் வீட்டு வேலையை ஒப்படைத்தவர் நம்மில் எத்தனை பேர்! இங்கே சிறு பதிப்பகமோ ஆடைத் தொழிலோ நடத்திக்கொண்டு, இலங்கையிலோ மலேசியாவிலோ உள்ள ஓவியரிடமும் மொழிபெயர்ப்பாளரிடமும் வேலை வாங்குவோர் உண்டு. வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டாருக்குக் கணக்கு எழுதித் தரும் பெண் பிள்ளைகளும் உண்டு. முற்காலத்தில் கூலிக்காரர் மாலையில் வாசலில் வந்து நிற்பார். அவருடைய முகத்தைப் பார்க்கும்போதே கொடுக்க வேண்டிய நினைவு வரும். இன்றைய கூலிக்காரர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். அவர் முகம் நமக்குத் தெரிவதில்லை. ஆகவே அவர் பாக்கியும் எளிதில் மறந்துபோகிறது.

மத்யனுக்கு வந்த அந்நிய நாட்டுக் கூலியாளர்

அருள்மறை குர்ஆனில் கூலி ஒப்பந்தத்தைப் பற்றிய மிகத் தெளிவான நிகழ்ச்சி, சொந்த நாட்டை விட்டு வெளியேறிய ஒருவரைப் பற்றியது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். மூஸா (அலை) அவர்கள் எகிப்திலிருந்து மத்யனுக்கு வந்து சேர்ந்தார்கள். இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டிவிட்டு நிழலில் போய் ஒதுங்கினார்கள். அவர்கள் கூலி கேட்கவில்லை; அங்கே ஒப்பந்தமும் எதுவும் இல்லை. ஆயினும் அப்பெண்களின் தந்தை, தண்ணீர் புகட்டியதற்குரிய கூலியைத் தருவதற்காக அவர்களை ஆள் அனுப்பி அழைத்தார் (28:25). பிறகுதான் ஒப்பந்தம் பேசப்படுகிறது. காலம் எட்டு ஆண்டு. பத்தாகப் பூர்த்தி செய்தால் அது மூஸா (அலை) அவர்களின் விருப்பம். அவர்களுக்குச் சிரமம் தரும் எண்ணம் தமக்கு இல்லை என்பதையும் அப்பெரியவர் சேர்த்தே சொல்கிறார் (28:27). கட்டாயமான காலம் எது, விருப்பத்தின்பாற்பட்டது எது என்பது முதல் நாளிலேயே பிரித்துப் பேசப்பட்டுவிட்டது. அந்த இரண்டு தவணைகளில் மூஸா (அலை) அவர்கள் எதை நிறைவேற்றினார்கள் என்று வினவப்பட்டபோது, இரண்டில் அதிகமானதையே என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விடையளித்த செய்தி புகாரியில் இடம் பெற்றுள்ளது.

நம் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலும் இதற்கு ஆதாரம் உண்டு. ஹிஜ்ரத்தின்போது வழிகாட்டுவதற்காக, குறைஷிகளின் மார்க்கத்தில் இருந்த ஒருவரை அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் கூலிக்கு அமர்த்தினார்கள். இரண்டு ஒட்டகங்களையும் அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகள் கழித்து ஸவ்ர் குகைக்கு வருமாறு கூறினார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள் (புகாரி). வேலை செய்பவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. வேலையும் பேசிய அன்றே தொடங்க வேண்டும் என்பதில்லை. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இச்செய்தியிலிருந்து இந்த இரண்டையும் சட்டமாக எடுத்துக் காட்டியுள்ளார்கள். எனவே தூரத்தில் உள்ளவரோடு தொலைபேசியிலோ எழுத்திலோ செய்துகொள்ளும் ஒப்பந்தமும் ஒப்பந்தமே. 1990-ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நவீனத் தொடர்புச் சாதனங்கள் மூலம் நிகழும் ஒப்பந்தங்கள் செல்லும் என்று முடிவு செய்துள்ளது.

நேரத்திற்குக் கூலியா, வேலைக்குக் கூலியா?

கூலியாட்களை ஃபுகஹாக்கள் இரு வகையாகப் பிரிக்கின்றனர். ஒருவர் தம் நேரத்தை நமக்குத் தருபவர். அவருக்கு அஜீர் காஸ் என்று பெயர். மற்றவர் குறிப்பிட்ட ஒரு வேலையை முடித்துத் தருபவர். தையல்காரர், வண்ணார் போலப் பலருக்கும் வேலை செய்பவர். அவருக்கு அஜீர் முஷ்தரக் என்று பெயர். முதலாமவர், பேசிய நேரத்தில் தம்மை ஒப்படைத்துவிட்டாலே கூலிக்கு உரியவராகிவிடுவார். நாம் வேலை கொடுக்காமல் சும்மா உட்கார வைத்தாலும் சரியே. இரண்டாமவருக்கு வேலையை முடித்தால்தான் கூலி.

இந்தப் பிரிவு நமக்கு எங்கே பயன்படுகிறது? மேற்சொன்ன குர்ஆன் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மாலை 6 மணி முதல் 6.30 வரை என்று நேரம் பேசப்பட்டுள்ளது. உஸ்தாத் தம் அறையில் ஒளுவோடு வந்து அமர்ந்துவிட்டார். அங்கே பிள்ளை விருந்துக்குச் சென்றுவிட்டது. சொல்லி அனுப்பவும் இல்லை. அந்த அரை மணி நேரம் வேறு எவருக்கும் பயன்படாமல் கழிந்துவிட்டது. "வகுப்பு நடக்கவில்லையே" என்று கூறி அன்றைய கூலியைக் கழிப்பது எப்படிச் சரியாகும்? அவர் பல வீடுகளுக்கு ஓதிக் கொடுப்பவராக இருந்தாலும், அந்த அரை மணி நேரம் இந்த வீட்டாருக்கே விற்கப்பட்டது என்பதே எனது கருத்து. மாறாக, உஸ்தாத் வரவில்லையென்றால் கழித்துக்கொள்ளலாம். அல்லது வேறு நாளில் ஈடு செய்யச் சொல்லலாம். (குர்ஆன் ஓதிக் கொடுக்கக் கூலி வாங்கலாமா என்ற பழைய கேள்வி சிலருக்கு எழும். ஷாஃபிஈ மத்ஹபில் அது ஆகும். முந்தைய ஹனஃபி இமாம்கள் தடுத்திருந்தாலும், கற்பிப்போர் இல்லாமல் போய்விடும் என்ற அச்சத்தால் பிற்கால ஹனஃபி அறிஞர்கள் அனுமதித்துவிட்டனர். இது முடிந்துபோன வழக்கு.)

ஓவியம், மொழிபெயர்ப்பு, புத்தக வடிவமைப்பு போன்றவை இரண்டாம் வகை. இங்கே தகராறு நேரத்தில் வருவதில்லை; வேலையின் எல்லையில்தான் வருகிறது. அட்டைப்படம் ஒன்று வரையச் சொல்கிறோம். வரைந்து அனுப்புகிறார். "நிறத்தை மட்டும் மாற்றுங்கள்" என்கிறோம், மாற்றுகிறார். "மினாரா வேண்டாம், வீடு போடுங்கள்" என்கிறோம். "சின்னத் திருத்தம்தானே!" என்று பத்து முறை சொல்லி, ஒரு கூலிக்கு மூன்று படம் வாங்கிவிடுகிறோம். எதிரில் நின்று வரைபவரிடம் இப்படிக் கேட்க நாவு வருமா? அவர் முகம் வாடுவதைப் பார்த்தால் நாமே நிறுத்திக்கொள்வோம். பிறரிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, தாம் அளந்து கொடுக்கும்போது குறைத்துவிடுவோரைக் குறித்து அத்தத்ஃபீஃப் அத்தியாயத்தின் தொடக்கத்தில் வந்துள்ள எச்சரிக்கை, தராசு பிடிக்கும் வியாபாரிக்கு மட்டும் உரியதென்று யார் சொன்னது? ஆகவே எத்தனை முறை திருத்தம், அதற்கு மேல் போனால் என்ன கூலி என்பதை முன்னரே எழுதிக்கொள்ளுங்கள். கடனை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் வசனம் (2:282) குர்ஆனின் வசனங்களிலேயே மிக நீளமானது.

வேலையை முடித்த தையல்காரர், கூலி கைக்கு வரும் வரை துணியைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம் என்று ஹனஃபி சட்ட நூல்கள் கூறுகின்றன. வெளிநாட்டு வடிவமைப்பாளர் இறுதிப் பிரதியைத் தராமல், குறைந்த தெளிவுள்ள மாதிரியை மட்டும் காட்டிப் பணம் கேட்பதும் இதைப் போன்றதே. "என்னை நம்பவில்லையா?" என்று அவர் மீது கோபிக்க வேண்டியதில்லை.

வீடு கட்டும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுவது நம்மிடையே வழக்கம். ஷாஃபிஈ மத்ஹபில், பொறுப்பேற்று முடித்துத் தரும் வேலைக்கு முழுக் கூலியையும் ஒப்பந்த அமர்விலேயே கொடுத்துவிட வேண்டும் என்ற கடுமையான நிபந்தனை உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் சகோதரர்கள் இதைக் கேட்டுத் திகைப்பதுண்டு. 2003-ஆம் ஆண்டு தோஹாவில் கூடிய ஃபிக்ஹு அகாடமி, ஒப்பந்தக்காரர் பொருளும் உழைப்பும் தந்து முடித்துத் தரும் கட்டட ஒப்பந்தம் ஆகுமென்றும், தொகையைத் தவணையாகக் கொடுக்கலாமென்றும் தீர்மானித்துள்ளது. அதன்படி அடித்தளம் முடிந்தால் இவ்வளவு, லிண்டல் மட்டத்தில் இவ்வளவு, கூரை போட்டதும் இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம். ஆனால் கட்டம் முடிந்ததா என்று பார்த்துச் சொல்ல ஊரில் நம்பகமான ஒருவரை முன்னரே நியமித்துக்கொள்ளுங்கள். புகைப்படத்தைப் பார்த்து அங்கிருந்தே குறை சொல்வதால்தான் பல சண்டைகள் தொடங்குகின்றன.

எந்த நாணயத்தில், எந்த நாளின் மதிப்பில்?

ஒருவரைக் கூலிக்கு அமர்த்தினால் அவருடைய கூலி என்னவென்பதை அவருக்கு அறிவித்துவிட வேண்டும் என்ற கருத்து அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் வழியாக வந்துள்ளது. உள்ளூரில் 500 என்றால் 500 ரூபாய்தான். நாடு மாறும்போது எண்ணை மட்டும் சொன்னால் போதாது; எந்த நாணயம் என்பதும் கூலியின் ஒரு பகுதி.

2022-ஆம் ஆண்டில் இலங்கையில் நடந்ததை நினைவில் கொள்ளுங்கள். மார்ச் மாதம் வரை ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 200 இலங்கை ரூபாயாக இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது. பிப்ரவரியில் இலங்கை ரூபாயில் கூலி பேசி, மே மாதத்தில் கொடுத்தவருக்கு டாலர் கணக்கில் பாதியளவுக்குச் சற்று மேல்தான் செலவு. பெற்றவருக்கோ அரிசியும் எரிவாயுவும் எட்டாத விலையில். சட்டம் என்ன சொல்கிறது? கடன் எந்த நாணயத்தில் உண்டோ அதே நாணயத்தில் அதே எண்ணிக்கையைத் திருப்பித் தர வேண்டும். மதிப்பு கூடியது, குறைந்தது என்று கணக்கிடக் கூடாது என்பதே 1988-இல் குவைத்தில் ஃபிக்ஹு அகாடமி எடுத்த முடிவு. ஆகவே பேசிய ரூபாயைக் கொடுத்தவர் குற்றவாளி அல்லர். ஆயினும் கடனைத் திருப்பிக் கொடுக்கும்போது அழகிய முறையில் கொடுப்பதென்பது நம் நபியவர்களின் நடைமுறை. தாம் வாங்கிய ஒட்டகத்தை விடச் சிறந்த வயதுடைய ஒட்டகத்தையே அவர்கள் திருப்பித் தந்தார்கள். நிபந்தனையின்றி மனமுவந்து கூட்டிக் கொடுப்பது வட்டி ஆகாது, ஸுன்னத்தாகும். முதலிலேயே டாலர் போன்ற ஒரு நாணயத்தில் பேசிக்கொண்டால் இந்தச் சங்கடமே வராது.

சரி, டாலரில் பேசினோம், ரூபாயில் கொடுக்கலாமா? கொடுக்கலாம். இதற்கு இப்னு உமர் (ரலி) அவர்களின் ஹதீஸ் தெளிவான வழிகாட்டி. அவர்கள் ஒட்டகங்களைத் தீனாருக்கு விற்றுவிட்டுத் திர்ஹத்தை வாங்குவார்கள். திர்ஹத்திற்கு விற்றுவிட்டுத் தீனாரை வாங்குவார்கள். இதுபற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, அன்றைய நாளின் மதிப்பில் வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் இருவருக்கும் இடையில் பாக்கி வைத்துப் பிரியக் கூடாது என்று விளக்கம் அளித்தார்கள் (அபூதாவூத், திர்மிதீ, நஸாஈ). பேசிய நாளின் மதிப்பும் இல்லை, மாதத்தில் நமக்குச் சாதகமான நாளின் மதிப்பும் இல்லை. கொடுக்கும் நாளின் மதிப்பு. 1993-இல் புருணையில் கூடிய அகாடமியும், கடனை வேறு நாணயத்தில் தீர்ப்பதற்கான உடன்பாடு, தீர்க்கும் நாளில்தான் அன்றைய மதிப்பின்படி செய்யப்பட வேண்டும், அதற்கு முன்னரன்று என்றே கூறியது.

வளைகுடா சகோதரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சொன்னால் கோபிக்கக் கூடாது. "ரேட் இன்னும் கொஞ்சம் ஏறட்டும், அப்புறம் அனுப்பலாம்" என்பார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று நிலையாக இருக்கிறது. ஆகவே டாலருக்கு எதிராக நம் ரூபாய் விழ விழ, திர்ஹமுக்கு அதிக ரூபாய் கிடைக்கும். தம் சேமிப்பை அனுப்புவதற்குக் காத்திருந்தால் அது அவரவர் விருப்பம். மேஸ்திரியின் தவணை நாள் கடந்த பிறகு, அவருடைய பணத்தை வைத்துக்கொண்டு ரேட்டுக்குக் காத்திருப்பது அப்படியன்று. வசதியுள்ளவர் கடனைத் தாமதப்படுத்துவதை அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டுள்ளார்கள் (புகாரி, முஸ்லிம்). இங்கே கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை மாலை கூலி கொடுக்க மேஸ்திரி நகையை அடகு வைத்திருப்பார். அந்த வட்டியில் நம் பங்கு எவ்வளவு என்பதை அவரவர் மனசாட்சியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அனுப்பும் செலவு யார் பொறுப்பு?

இப்போது அந்த 50 டாலருக்கு வருவோம். ஒரு நாட்டு வங்கியிலிருந்து மற்றொரு நாட்டு வங்கிக்குப் பணம் நேராகச் செல்வதில்லை. இரண்டிற்கும் நேரடித் தொடர்பு இல்லையென்றால் நடுவில் ஒன்றோ இரண்டோ வங்கிகள் நிற்கும். ஸ்விஃப்ட் என்னும் செய்தி அமைப்பு தகவலை மட்டுமே கொண்டுசெல்லும். பணத்தை நகர்த்தும் ஒவ்வொரு வங்கியும் தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும். அனுப்பும் படிவத்தில் கட்டணம் யார் பொறுப்பு என்று மூன்று விதமாகக் குறிக்கலாம்: அனுப்புபவரே ஏற்பது ஓயுஆர், இருவரும் பகிர்வது எஸ்ஹெச்ஏ, பெறுபவர் ஏற்பது பிஈஎன். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. 50 டாலர் போன்ற சிறு தொகையில் 15 டாலர் போய்விட்டால் அது பெரும் இழப்பு. உலக வங்கியின் கணக்குப்படி, வெளிநாட்டிலிருந்து 200 டாலர் அனுப்ப உலக அளவில் சராசரியாக 6 சதவீதத்திற்கும் மேல் செலவாகி வந்துள்ளது. 2030-க்குள் இதை 3 சதவீதத்திற்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் இலக்கு.

ஷரீஅத்தின் பார்வையில் இந்தச் செலவு யாருடையது? பொருளை அளந்து கொடுக்கும் கூலி விற்பவர் மீதும், விலைப்பணத்தை நிறுத்துக் கொடுக்கும் கூலி வாங்குபவர் மீதும் என்று ஃபுகஹாக்கள் பிரித்தனர். யார் எதை ஒப்படைக்கக் கடமைப்பட்டவரோ, ஒப்படைக்கும் செலவும் அவருடையதே. கூலியை ஒப்படைக்க வேண்டியவர் வேலை வாங்கியவர். எனவே வேறு விதமாகப் பேசிக்கொள்ளாத வரை 50 டாலர் என்றால் உஸ்தாதின் கணக்கில் 50 டாலர் சேர வேண்டும். வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டால் அது கையில் பெற்றதற்குச் சமம் என்று 1990-ஆம் ஆண்டு முடிவு கூறுகிறது. அந்த வரவு எவ்வளவோ அவ்வளவுதான் கொடுக்கப்பட்டது; நாம் அனுப்பிய ரசீதிலுள்ள தொகை அன்று.

இதை அந்தக் குடும்பத்தாரிடம் விளக்கினேன். அவர்கள் சற்றும் தயங்கவில்லை; ஏழு மாதக் குறைவையும் சேர்த்து அனுப்பினார்கள். அதன் பிறகு மூன்று மாதக் கூலியை முன்கூட்டியே ஒரே தடவையில் அனுப்புவது என்று ஏற்பாடாயிற்று. கட்டணம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. ஆனால் செலவைக் குறைப்பதற்காக மூன்று மாதம் வேலை வாங்கிவிட்டுக் கடைசியில் மொத்தமாக அனுப்புவது, அவர் மனமொப்பிச் சம்மதித்தாலன்றிக் கூடாது.

"எனக்கு வந்தால்தான் உனக்கு"

மற்றொரு நோய் உண்டு. வேலையை முடித்துக் கொடுத்தவர் கூலி கேட்கும்போது, "என் வாடிக்கையாளர் இன்னும் எனக்குத் தரவில்லை, வந்ததும் தருகிறேன்" என்று சொல்வது. வாடிக்கையாளர் எப்போது தருவார்? தெரியாது. தருவாரா? அதுவும் தெரியாது. தவணை இன்ன நாள் என்று அறியப்படாத கூலி ஒப்பந்தம் பழுதானது. அப்படி வேலை வாங்கிவிட்டால் அந்த வேலைக்கு உலக வழக்கில் உரிய கூலியைக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். வியாபார லாபம் நம்முடையதாக இருக்கும்போது, வியாபாரத்தின் அபாயத்தை மட்டும் கூலிக்காரரின் தலையில் கட்டுவது நியாயமா? வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராகக் கியாமத் நாளில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸியை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள் (புகாரி). அந்தப் பட்டியலில் அவனுடன் நிற்பவர்கள் யார் தெரியுமா? அல்லாஹ்வின் பெயரால் வாக்களித்து மோசடி செய்தவனும், சுதந்திர மனிதனை விற்று அந்தக் கிரயத்தைத் தின்றவனும். அயல்நாட்டுக் கூலிக்காரர் நம் ஊர் நீதிமன்றத்திற்கு வரமாட்டார். 100 டாலருக்காக யார் வழக்குப் போடுவார்கள்? அவருக்காக வழக்காடுபவன் யார் என்பதைத்தான் இந்த ஹதீஸ் சொல்கிறது.

கூலி தாமதமானால் மாதத்திற்கு இத்தனை சதவீதம் கூடுதல் என்று சில ஒப்பந்தங்களில் அச்சிட்டிருப்பார்கள். அது கடன் மீதான வட்டி. வேலை செய்பவர் அதை எழுதவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். வேலை தாமதமானால் பிடித்தம் என்ற நிபந்தனை வேறு. அதை 2000-ஆம் ஆண்டு ரியாத் அமர்வில் அகாடமி அனுமதித்தது. பணக்கடனுக்கு அது பொருந்தாது என்பதையும் அதே தீர்மானம் தெளிவாக்கியது. வேலை செய்பவருக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் ஒரு பகுதியை முன்பணமாகக் கேட்பதே ஹலாலான வழி.

ஏழை நாட்டவர் என்பதால் குறைந்த கூலிக்கு வேலை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஊருக்கு ஊர் வாழ்க்கைச் செலவு வேறுபடும். அவருடைய ஊரில் வழங்கும் நியாயமான கூலியை அவர் விரும்பி ஏற்றால் தடையில்லை. அவருக்குச் சந்தை நிலவரம் தெரியாது என்பதைப் பயன்படுத்திக்கொள்வதும், அவருடைய நெருக்கடியைப் பார்த்துப் பாதிக்குப் பாதி பேசுவதும் வேறு விஷயம். அதுபோல, தினமும் காலை முதல் மாலை வரை நம் வேலையே செய்ய வேண்டும், வேறு எவருக்கும் செய்யக் கூடாது என்று ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொண்டு, அவரைச் சுதந்திர ஒப்பந்தக்காரர் என்று பெயர் சூட்டி விடுமுறையும் மருத்துவமும் மறுப்பவர்கள், பெயரை மாற்றுவதால் பொருள் மாறாது என்பதை உணர வேண்டும். பல நாட்டுச் சட்டங்களும் இதைத் தவறென்றே கருதுகின்றன.

உண்டியலும் ஹவாலாவும்

மேலே கூறிய தாமதம் பற்றிய ஹதீஸின் அடுத்த பகுதியில், உங்களுக்குரிய கடனை வசதியுள்ள வேறொருவரிடம் பெற்றுக்கொள்ளுமாறு மாற்றிவிடப்பட்டால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்து வருகிறது. ஃபிக்ஹு நூல்களில் ஹவாலா என்பது இதுதான். மக்காவில் திர்ஹம்களைப் பெற்றுக்கொண்டு, இராக்கில் இருந்த தம் சகோதரர் முஸ்அபுக்கு இப்னு ஜுபைர் (ரலி) அவர்கள் எழுதியனுப்ப, அங்கே மக்கள் தொகையைப் பெற்றுக்கொண்ட வழக்கமும், இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அதில் தவறு காணாததும் நூல்களில் பதிவாகியுள்ளன. சிலர் இதைப் பிடித்துக்கொண்டு, "உண்டியலில் அனுப்புவதும் இதுதானே" என்கிறார்கள். அந்தப் பழைய முறையில் மறைவு இல்லை. நாட்டுச் சட்டத்தை மீறுதல் இல்லை. இன்று இந்தியாவில் 1999-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2000 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், அங்கீகாரம் பெற்ற வழியில் மட்டுமே பணம் வரவும் போகவும் அனுமதிக்கிறது. நாம் குடிமக்களாக ஒப்புக்கொண்டுள்ள சட்டம் இது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு கட்டளையிடும் வசனத்தின் (5:1) எல்லைக்குள் இதுவும் அடங்கும். மேலும், உண்டியலில் பெற்ற கூலிக்குக் கணக்கும் இல்லை, ரசீதும் இல்லை. வேலை செய்த ஏழை நாளை வருமான வரி அலுவலகத்தில் விடை சொல்ல முடியாமல் நிற்பார்.

வங்கி வழியே அனுப்பும்போது எதற்காக அனுப்புகிறோம் என்ற நோக்கத்தைக் குறிக்க வேண்டும். கட்டணம் குறையும், கேள்வி குறையும் என்று கருதி, கூலியை அன்பளிப்பு என்றோ குடும்பச் செலவு என்றோ எழுதுவது பொய். 2023 பிப்ரவரியில் இந்தியாவின் யுபிஐயும் சிங்கப்பூரின் பேநவும் இணைக்கப்பட்டபோது, உறவினருக்கு அனுப்பும் தனிப்பட்ட பணத்திற்கென்றே அவ்வசதி தொடங்கப்பட்டது. அதில் வேலைக்கூலியை நுழைப்பதும் இவ்வகையே. இங்கிருந்து வெளிநாட்டவருக்குக் கூலி அனுப்புவோர் சில சமயம் நம் நாட்டு வரியைப் பிடித்தம் செய்து கட்ட வேண்டியிருக்கும். அப்படியானால் அதை வேலை பேசும்போதே சொல்லி, கட்டியதற்கான சான்றை அவருக்கு அனுப்ப வேண்டும். முடிந்த பிறகு "வரி போக இவ்வளவுதான்" என்பது அநியாயம். இதில் நம் ஊகத்தைவிட ஒரு பட்டயக் கணக்காளரின் ஆலோசனை மேலானது.

ஆள் கிடைக்காவிட்டால்?

குகையில் சிக்கிய மூவரில் ஒருவர், தம்மிடம் வேலை செய்துவிட்டுக் கூலியை வாங்காமல் சென்ற ஒருவரின் தானியத்தை விதைத்துப் பெருக்கி, பல காலம் கழித்து அவர் வந்தபோது மாடுகளும் மேய்ப்பவருமாக அனைத்தையும் ஒப்படைத்தார். அந்த அமலை முன்வைத்தே அவர் துஆச் செய்தார், பாறையும் விலகியது. இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸை, இமாம் புகாரி (ரஹ்) கூலி பற்றிய பாடத்திலும் கொண்டு வந்து வைத்துள்ளார்கள். தூரமாகப் போய்விட்ட கூலிக்காரரின் உரிமை, தூரத்தால் தேய்வதில்லை.

எனக்குத் தெரிந்த சகோதரர் ஒருவர் இங்கே சிறிய அளவில் நூல்கள் வெளியிடுபவர். வெளிநாட்டிலிருந்த ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு அவர் தர வேண்டிய இறுதித் தவணை நின்றுபோயிற்று. 2021-இல் கொரோனாவில் அம்மொழிபெயர்ப்பாளர் காலமானார். அவருடைய வங்கிக் கணக்கும் முடக்கப்பட்டது. "அவர் பெயரால் ஸதகா செய்துவிடட்டுமா?" என்று அந்தச் சகோதரர் கேட்டார். வாரிசுகளைத் தேடிக் கண்டுபிடிக்க வழியிருக்கும் வரை அது ஆகாது. பணம் இப்போது அவருடையதுமன்று, வாரிசுகளுடையது. கடன், வஸிய்யத் போக எஞ்சியதை அவர்களே பாகம் பிரித்துக்கொள்வார்கள். தேடித் தேடிக் கிடைக்கவில்லையென்றால் மட்டுமே உரியவரின் நன்மைக்காக என்று நிய்யத் வைத்து ஸதகா செய்ய வேண்டும். பின்னால் உரியவர் வந்து, தமக்கு அந்த நன்மை வேண்டாம், பணமே வேண்டும் என்றால் திரும்பவும் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னபோது அவர் முகம் சற்று வாடியது உண்மை.

ஆனால் அவர் தேடினார். அந்நாட்டுப் பள்ளிவாசல் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். பழைய கடிதத்தில் இருந்த முகவரியை வைத்து ஆள் மூலம் விசாரித்தார். மனைவியும் பிள்ளைகளும் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்திருந்தனர். பதினோரு மாதங்கள் கழித்து மூத்த மகனின் கணக்கு எண் கிடைத்தது. மற்ற வாரிசுகளின் சம்மதத்தை எழுத்தில் பெற்றுக்கொண்டு, அனுப்பும் கட்டணத்தையும் தாமே ஏற்று, தொகையை முழுமையாக அனுப்பினார். வரவு வைக்கப்பட்டதற்கான வங்கித் தாளை, ஒரு ஜுமுஆ முடிந்த பின் என்னிடம் கொண்டு வந்து காட்டினார்.